ஆதிவாசிகளுக்கு எந்தச் சட்டம்? மலையகத் தமிழர் எதன் பக்கம் நிற்பது?

புதிய அரசியலமைப்பு பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் மலையகத்தில் முன்மொழிவு எழுதும் வேலை சூடுபிடித்துவிடும். தொழிற்சங்கத்தார், ஆசிரியர்கள், இளைஞர் வட்டங்கள் என்று ஆங்காங்கே கூடி உட்கார்ந்து எழுதுவார்கள். 2016இல் மக்கள் கருத்தறியும் குழு மாவட்டம் மாவட்டமாக வந்தபோதும் அப்படித்தான். காணி உறுதிப் பத்திரம், தனி வீடு, தனித்துவமான இனமாக அங்கீகாரம், கூடுதல் பிரதேச சபைகள், தமிழில் அரச கருமம் எல்லாம் அந்தத் தாள்களில் வரும். இந்த நாட்டின் ஆதிவாசிகளான வேடர்களைப் பற்றி ஒரு பந்தி வராது. நான் படித்தவற்றில் வந்ததில்லை.

பதுளை மாவட்டக்காரர்களுக்காவது இது உறுத்த வேண்டும். பசறை, மடுல்சீமை, லுணுகலைத் தோட்டங்களும் மகியங்கனைக்கு அப்பால் இருக்கும் ஆதிவாசிகளின் ஊரான தம்பானையும் ஒரே மாவட்டம், ஒரே கச்சேரி (மாவட்டச் செயலகம்). அடுத்த முறை எழுதும்போது அந்தப் பந்தி இருந்தே ஆகவேண்டும். சரி, அதில் என்ன எழுதுவது? "ஆதிவாசிகளின் உரிமைகள் பாதுகாக்கப்பட வேண்டும்" என்று ஒரு வரி போட்டுவிட்டால் கடமை முடிந்ததாகாது. அந்த வரியை யாரும் எப்படியும் வளைத்துக்கொள்ளலாம். பாதுகாப்பு என்ற பெயரிலேயே பழங்குடிகளை நூறு ஆண்டுகளுக்கு மேல் கட்டிப்போட்ட சட்டங்கள் உலகத்தில் உண்டு. எந்த வகைச் சட்டம் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காட்டையும், அந்தக் காட்டைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரத்தையும் கிராமத்தின் கையில் கொடுக்கும் சட்டமே முதலில் வேண்டும். மற்ற வழிகளிலும் எடுத்துக்கொள்ள வேண்டியவை இருக்கின்றன. ஆனால் இது இல்லாமல் அவை நிற்காது.

இங்கே நடந்தது என்ன என்பதை முதலில் பார்ப்போம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தைப் பற்றி நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். காடு, தரிசு, ஆளில்லாத, பயிரிடாத நிலம் எல்லாம் முடிக்குரியது, இல்லை என்பவர் நிரூபிக்க வேண்டும் என்றது அது. சேனைக்காக, அதாவது காட்டை வெட்டிச் சுட்டுப் பயிரிடுவதற்காக, வெட்டிவிட்டுச் சில ஆண்டு ஆறப்போட்ட நிலமும் பயிரிடாத நிலமாகிவிட்டது. கண்டிக் கிராமத்தவரின் காணி அப்படித்தான் போனது; அந்தக் காணியில் கோப்பி வைக்கத்தான் நம் முன்னோரைத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டி வந்தார்கள். இதைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். காடே வாழ்க்கையாக இருந்த மக்களின் பக்கத்திலிருந்து அந்தச் சட்டத்தைப் பார்த்தால், அவர்களுடையது என்று சொல்ல எதையுமே அது மிச்சம் வைக்கவில்லை.

அதன் பிறகு வந்தவையும் அதே வழிதான். 1937இல் வனஜீவராசிகள் கட்டளைச் சட்டம் வந்தது. 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. ஆதிவாசிகள் வேட்டையாடித் திரிந்த காடுகள் நீர்த்தேக்கத்துக்குள் போயின. அதற்கு முந்திய ஆண்டில்தான் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியது. இரண்டும் ஒரே அரசாங்கத்தின் வேலை. 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனமானது. காலங்காலமாகத் தேனெடுத்த காட்டுக்குள் அனுமதியில்லாமல் கால் வைப்பது குற்றமாகிவிட்டது. பல குடும்பங்கள் ஹெனானிகலை போன்ற மகாவலிக் குடியேற்றங்களுக்குக் கொண்டுபோகப்பட்டன. மகாவலித் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு இரண்டரை ஏக்கர் வயல், அரை ஏக்கர் வீட்டுக் காணி. வேட்டைக்காரரை ஒரே நாளில் நெல் விவசாயி ஆக்கப் பார்த்தார்கள். தம்பானையில் ஒரு பகுதியினர் போகமாட்டோம் என்று நின்றார்கள்.

இன்றைக்கும் நம் அரசியலமைப்பில் ஆதிவாசிகள் என்று ஒரு சொல் இல்லை. 2007 செப்டம்பர் 13ஆம் திகதி ஐ.நா. பொதுச்சபையில் பழங்குடி மக்களின் உரிமைகள் பற்றிய பிரகடனம் வந்தபோது இலங்கை ஆதரித்து வாக்களித்தது. நாட்டுக்குள் அதற்கென்று ஒரு சட்டமும் பிறக்கவில்லை. அதனால்தான் ஆதிவாசிகள் வாழும் பொல்லேபெத்தைப் பக்கம் ரம்பக்கன் ஓயாக் காட்டைச் சோளச் செய்கைக்காக வெட்டத் தொடங்கியபோது, ஆதிவாசிகளின் தலைவர் ஊருவரிகே வன்னில எத்தோ சூழல் அமைப்பொன்றோடு சேர்ந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. கேட்டுவிட்டுத்தான் வெட்ட வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்திருந்தால், வெட்டுவதற்கு முன்னாலேயே பேச்சு நடந்திருக்கும்.

காவலன் சட்டம்

முதல் வகை, அரசாங்கம் காவலனாக நிற்பது. இதற்குப் பெரிய உதாரணம் கனடாவின் 1876ஆம் ஆண்டு இந்தியர் சட்டம் (அங்கே பழங்குடிகளை இந்தியர் என்றே அழைத்தார்கள்). யார் பழங்குடி, எங்கே குடியிருக்கலாம், ஊர்ச் சபை எப்படி நடக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒட்டாவாவிலிருந்து தீர்மானித்தார்கள். வெளியாளைக் கல்யாணம் செய்த பெண் பழங்குடி என்ற அந்தஸ்தையே இழந்தாள். வெளியாள் பெண்ணைக் கட்டிய ஆணுக்கு ஒன்றும் ஆகவில்லை. 1985 வரை இது நடந்தது. 1927இலிருந்து 1951 வரை, காணி வழக்குப் போட வழக்கறிஞர் வைப்பதற்குப் பணம் திரட்டுவதே குற்றம். மலேசியாவின் 1954ஆம் ஆண்டு ஒராங் அஸ்லி (அந்நாட்டுப் பழங்குடிகள்) சட்டமும் இதே வகைதான். ஒரு காட்டை அவர்களுக்கென்று ஒதுக்கும் அதிகாரம் மாநில அரசுக்கு. ஒதுக்கியதை இரத்துச் செய்யும் அதிகாரமும் அதற்கே.

இந்த வகைச் சட்டம் எப்படி வேலை செய்யும் என்று மலையகத்தானுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 1921 வரை துண்டு முறை இருந்தது. கடன் கணக்கு எழுதிய துண்டு இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு நகர முடியாது. 2018இல் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்தும்வரை, நாம் வாக்குப் போட்ட சபை நம் லயத்துக்குப் போகும் பாதையில் ஒரு வண்டி கல் கொட்டுவதென்றாலும் தோட்ட நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும். இன்றைக்கும் எத்தனை காரியத்துக்கு ஒப்பீஸ் கடிதம் கேட்கிறார்கள்! எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, மகளுக்குப் பிள்ளை பிறக்கப் போகிறதென்று லயத்துக் காம்பராவுக்குப் பின்னால் நாலு தகரம் அடித்துக் குசினி ஒன்று இறக்கினார். அனுமதியில்லாமல் கட்டினாய் என்று நிர்வாகம் ஆள் அனுப்பிக் கழற்ற வைத்தது. அவரும் அவருடைய தாயும் பிறந்த அதே காம்பரா அது. நாலு தகரத்தையும் சுருட்டிக் கட்டி வாசலில் சாய்த்து வைத்துவிட்டு அடுத்த நாள் பிரட்டுக்கு, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, போனார். தான் வாழும் இடத்தைப் பற்றிய முடிவு இன்னொருவர் மேசையில் இருந்தால் வாழ்க்கை அப்படித்தான் இருக்கும்.

காவலன் சட்டத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அந்தச் சட்டம் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் அதை வெளியே அனுப்புவது கஷ்டம். 1969இல் கனடா அரசாங்கம் இந்தியர் சட்டத்தையே எடுத்துவிடலாம் என்றபோது பழங்குடித் தலைவர்களே கடுமையாக எதிர்த்தார்கள். ஏனென்றால் அந்த மோசமான சட்டத்தில்தான் அவர்களுடைய தனி அந்தஸ்தும் ஒதுக்கு நிலமும் மாட்டிக்கொண்டிருந்தன. சட்டத்தைத் தூக்கினால் கையிலிருந்த கொஞ்சமும் போய்விடும். அந்தச் சட்டம் திருத்தங்களோடு இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆகவே, "ஆதிவாசிகளுக்கென்று ஒரு திணைக்களம், ஒரு ஆணையாளர்" என்று யாராவது யோசனை சொன்னால், நல்ல எண்ணத்தோடு சொன்னாலும், நாம் அதை எழுதக்கூடாது.

அருங்காட்சியக அங்கீகாரம்

ஜப்பான் 2019இல் ஐனு மக்களைப் பழங்குடிகள் என்று சட்டத்தில் ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு ஹொக்கைடோவில் பெரிய தேசிய அருங்காட்சியகமும் திறந்தது. கலை, மொழி, சுற்றுலாவுக்குப் பணம் கிடைத்தது. காணி கிடைக்கவில்லை, ஆற்றில் சால்மன் பிடிக்கும் பழைய உரிமையும் திரும்பவில்லை. இந்த வழி நமக்குப் புதிதல்ல. தம்பானையில் அரும்பொருளகம் இருக்கிறது, கைப்பொருள் விற்கும் கடைகள் இருக்கின்றன, வெளிநாட்டுப் பயணிகள் வருகிறார்கள். அந்த வருமானத்தைக் குறைத்துப் பேசமாட்டேன். அதில் அடுப்பெரியும் வீடுகள் உண்டு. ஆனால் காட்டுக்குள் போனால் பிடிப்பார்கள், காட்டு வாழ்க்கையை மேடையில் நடித்துக் காட்டினால் கைதட்டுவார்கள் என்ற நிலைமைக்கு ஒரு சட்டம் முத்திரை குத்தக்கூடாது.

ஒப்பந்தமும் தீர்ப்பாயமும்

எனக்கு மிகவும் பிடித்த வழி நியூசிலாந்துடையது. இங்கே பொருந்தாது என்று நினைப்பதும் அதைத்தான். 1840 பெப்ரவரி 6ஆம் திகதி வைத்தாங்கியில் பிரிட்டிஷாரும் அந்நாட்டுப் பழங்குடிகளான மாவோரிகளின் தலைவர்களும் ஒப்பந்தம் செய்தார்கள். அதே 1840, அதே பிரிட்டிஷ் முடி. அங்கே காணி உங்களுடையது என்று காகிதத்திலாவது எழுதிக் கொடுத்தார்கள். இங்கே காணி எங்களுடையது என்று சட்டம் போட்டார்கள். எழுதிக் கொடுத்ததை அங்கேயும் மீறினார்கள்தான். ஆனால் காகிதம் இருந்ததால் 1975இல் ஒரு தீர்ப்பாயம் அமைத்து, 1985இல் அதன் அதிகாரத்தை 1840 வரை பின்னோக்கி நீட்டி, பழைய அநியாயங்களை ஒவ்வொன்றாக விசாரிக்க முடிந்தது. நைதாஹு இனக்குழுவுக்கு 1998இல் 170 மில்லியன் டொலர் பெறுமதியான இழப்பீடு கிடைத்தது. வங்கனுயி ஆற்றை 2017இல் சட்டப்படி ஒரு ஆளாகவே ஏற்றுக்கொண்டு, அதற்காகப் பேச மாவோரித் தரப்பிலிருந்து ஒருவரையும் அரசாங்கத் தரப்பிலிருந்து ஒருவரையும் வைத்தார்கள்.

மலைநாட்டில் நமக்கிருக்கும் காகிதம் 1815 மார்ச் 2ஆம் திகதிய கண்டி ஒப்பந்தம். அதில் கையெழுத்திட்டவர்கள் பிரதானிகள். காட்டு மக்கள் சார்பில் யாரும் எதுவும் கேட்டு வாங்கிய ஆவணமில்லை அது. தொங்குவதற்கு ஒரு கொம்பில்லாத இடத்தில் தீர்ப்பாயம் கேட்டால், முதல் பத்து வருடமும் அதற்கு அதிகாரம் உண்டா இல்லையா என்ற வாதத்திலேயே போய்விடும். இருந்தாலும் ஒன்றை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்: நடந்த இழப்பை விசாரித்து எழுதிவைக்கும் ஒரு அமைப்பு. மாதுறு ஓயாவிலிருந்து யார் யார் எந்தெந்த ஊரிலிருந்து கிளப்பப்பட்டார்கள், அவர்களுக்கு என்ன சொல்லப்பட்டது, என்ன கிடைத்தது என்பதை, அனுபவித்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே பதிவு செய்ய வேண்டும்.

தெரிவு செய்த சபை

நோர்வேயின் வழி பலருக்குக் கவர்ச்சியாக இருக்கும். அல்டா ஆற்றில் அணை கட்டுவதை எதிர்த்து 1979இலிருந்து 1981 வரை அந்நாட்டுப் பழங்குடிகளான சாமி மக்கள் நடத்திய போராட்டம் தோற்றது, அணை எழுந்தது. ஆனால் அந்தப் போராட்டத்தின் பலனாக 1989இல் சாமி பாராளுமன்றம் வந்தது. அடுத்த ஆண்டே பழங்குடிகள் பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 169ஆம் சமவாயத்தை உலகத்தில் முதலாவதாக நோர்வே ஏற்றது. 2005இல் பின்மார்க் சட்டத்தின் மூலம் அந்த மாகாணத்தின் 95 சதவீத நிலத்தை அரசாங்கம் தன் பெயரிலிருந்து உள்ளூர் நிர்வாகம் ஒன்றுக்கு மாற்றியது. அதன் பணிப்பாளர் சபையில் பாதியைச் சாமி பாராளுமன்றம் நியமிக்கிறது.

இதெல்லாம் இருந்தும் போசன் என்ற இடத்தில் என்ன நடந்தது? கலைமான் மேய்க்கும் குளிர்கால நிலத்தில் 151 காற்றாலைகளை நட்டார்கள். மேய்ப்பர்கள் வழக்காடி 2021 ஒக்டோபரில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் வென்றார்கள். அனுமதி செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அதற்குள் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன, தீர்ப்புக்குப் பிறகும் சுழன்றன. 2023இல் சாமி இளைஞர்கள் ஒஸ்லோவில் அமைச்சுக்குள்ளேயே உட்கார்ந்து மறியல் செய்தார்கள். பின்மார்க்கில் நிலத்தோடு சேர்ந்து பலம் இருந்தது. போசனில் சபை இருந்தது, நிலத்தின் மேல் பிடி இல்லை. வித்தியாசம் அங்கேதான்.

சபை மட்டும் போதாது என்பதற்கு நம் கதையே சாட்சி. 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த இரண்டு வருடத்துக்குள் பிரஜாவுரிமையும் வாக்குரிமையும் போய், 1952இல் அந்தக் காங்கிரஸிலிருந்து ஒருவர்கூட இல்லை. சாதாரணப் பெரும்பான்மை தந்ததைச் சாதாரணப் பெரும்பான்மையே பறிக்கும். அவுஸ்திரேலியாவிலும் 1990இல் தொடங்கிய பழங்குடிகளின் தெரிவு செய்யப்பட்ட ஆணைக்குழுவை 2005இல் ஒரு சட்டத்தால் கலைத்தார்கள். அரசியலமைப்பிலேயே ஒரு ஆலோசனைக் குரல் வைக்கலாம் என்று 2023 ஒக்டோபரில் கேட்டபோது, நூற்றுக்கு அறுபது பேர் வேண்டாம் என்றார்கள்.

இருந்தாலும் தெரிவு செய்த சபையில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. தம்பானையைச் சுற்றியே பேசும் பழக்கத்தை அது உடைக்கும். இரத்துகல, பொல்லேபெத்தை, ஹெனானிகலை, அநுராதபுரப் பக்கத்துக் கிராமங்கள் எல்லாவற்றுக்கும் அதில் இடமிருக்கும். வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர்கள் தமிழ் பேசுகிறார்கள், மீன்பிடிக்கிறார்கள். அவர்களை ஆதிவாசிக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். தமிழர்களாகிய நாமும் மறந்துவிடுகிறோம். பெண்களுக்கும் பேச ஒரு கதிரை கிடைக்கும். அதனால் இதை இரண்டாவதாக வைக்கிறேன்.

காடு, கிராம சபை, சம்மதம்

இந்தியாவின் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தைத்தான் நாம் நெருங்கிப் படிக்க வேண்டும். காட்டில் பயிரிட்டு வாழ்ந்த குடும்பத்துக்கு நான்கு ஹெக்டேயர் வரை உரிமை, ஊருக்குப் பொதுவாகக் காட்டின் மேல் உரிமை, தேன், மூங்கில், கிழங்கு போன்ற சிறுவனப் பொருட்களைச் சேர்க்கவும் விற்கவும் உரிமை. இவையெல்லாம் பிற நாடுகளிலும் ஏதோ ஒரு வடிவில் உண்டு. இந்தச் சட்டத்தின் உயிர், உரிமைக் கோரிக்கை தொடங்கும் இடத்தில் இருக்கிறது. யாருக்கு எவ்வளவு என்பதை முதலில் விசாரித்துத் தீர்மானம் போடுவது கிராம சபை. வனத்துறை அதிகாரி அங்கே வந்து தன் பக்கத்தைச் சொல்லலாம். கதவைத் திறந்து மூடும் வேலை அவருடையதல்ல.

ஒடிசாவில் நியமகிரி மலையில் இது எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். மலை உச்சியில் பொக்சைட் தோண்ட வேதாந்தா நிறுவனத்தோடு சேர்ந்து அரசு திட்டம் போட்டது. அந்த மலையையே தெய்வமாகக் கும்பிடும் டோங்ரியா கோந்த் மக்கள் எதிர்த்தார்கள். 2013 ஏப்ரல் 18ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம், கிராம சபைகளே முடிவு சொல்லட்டும் என்றது. மாவட்ட நீதிபதி ஒருவர் ஒவ்வொரு கூட்டத்துக்கும் மலையேறிப் போய்ப் பார்வையாளராக உட்கார வேண்டும் என்றும் உத்தரவிட்டது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், அடை மழைக்காலத்தில், பன்னிரண்டு ஊர்களில் கூட்டம் நடந்தது. ஆணும் பெண்ணுமாக எழுந்து நின்று தங்கள் பாஷையில் பேசினார்கள். பன்னிரண்டு ஊரும் வேண்டாம் என்றது. சுரங்கம் நின்றது. நீதிபதி ஊருக்கு வந்தார், ஊர் நீதிமன்றத்தைத் தேடி அலையவில்லை. ரம்பக்கன் ஓயாவுக்கு இப்படி ஒரு நடைமுறை இருந்திருக்க வேண்டும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இலட்சக்கணக்கான கோரிக்கைகளை அதிகாரிகள் நிராகரித்திருக்கிறார்கள். 2019 பெப்ரவரியில், நிராகரிக்கப்பட்டவர்களைக் காட்டிலிருந்து வெளியேற்றச் சொல்லி உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டு, நாடெங்கும் எதிர்ப்பு எழுந்ததும் அதே மாதக் கடைசியில் நிறுத்திவைத்தது. நல்ல சட்டமும் அதை விரும்பாத அலுவலகத்தின் வழியாகத்தான் நடந்தாக வேண்டியிருக்கிறது. ஆகவே இலங்கையில் வரும் சட்டத்தில், நிராகரித்தால் காரணம் எழுத்தில் வேண்டும், மேன்முறையீடு முடியும்வரை யாரையும் கிளப்பக்கூடாது என்பவை சட்டப் பிரிவிலேயே இருக்க வேண்டும். சுற்றுநிருபத்துக்கு விட்டுவைக்கக்கூடாது.

நம் இரத்தத்தோடு சம்பந்தப்பட்ட ஒரு விஷயமும் இந்தச் சட்டத்துக்குள் இருக்கிறது. 1964இல் சிறிமா, சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் பலரை நீலகிரியில் குடியமர்த்தினார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கவென்று 1968இல் வனத்துறையின் கீழ் தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பிறகு டேன்டீ என்ற தமிழ்நாடு அரசுத் தேயிலை நிறுவனம் ஆனது. கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கமெல்லாம் நம் சொந்தக்காரர்கள். எந்த வீட்டில் விசாரித்தாலும் சித்தப்பா, பெரியம்மா என்று யாராவது அங்கே இருப்பார்கள். அந்த மலை தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் வாழும் மலை. இங்கே நாட்டை இழந்தவர்களைக் கொண்டுபோய் அங்கே இன்னொரு மக்களின் காட்டில் இறக்கினார்கள். நம்மவர்களையும் கேட்கவில்லை, அவர்களையும் கேட்கவில்லை.

வன உரிமைச் சட்டம் வந்தபோது, பழங்குடி அல்லாதவர் காட்டில் உரிமை கோர 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்று விதித்தார்கள். 1960களின் கடைசியில் போய் இறங்கியவர் எப்படி 1930ஐக் காட்டுவார்? 2022இல் டேன்டீ காணியில் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தபோது, வேலையும் வீடும் என்னாகும் என்ற பயம் அந்த லயங்களில் பரவியது. அந்த 75 ஆண்டு விதியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பழங்குடியின் காட்டைப் பின்னால் வந்தவர்களிடமிருந்து காக்க ஒரு கோடு வேண்டும். ஆனால் அரசாங்கமே கொண்டுவந்து இறக்கியவர்களுக்கு வேறொரு சட்டத்தில் வீட்டுக் காணி கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காமல் விட்டதன் பாரம், ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்க்கும் இரண்டு ஏழைச் சனங்கள் மேல் விழுகிறது. இலங்கையில் சட்டம் எழுதும்போது இதைத் தவிர்க்கலாம்; இரண்டு காணிப் பிரச்சினைக்கும் இரண்டு சட்டம், ஒரே காலத்தில்.

சர்வதேச உடன்படிக்கைகளையும் ஒரு வழியாகச் சொல்கிறார்கள். 169ஆம் சமவாயத்தைத் தெற்காசியாவில் நேபாளம் மட்டும் 2007இல் ஏற்றிருக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2019இலும், கனடா முழுவதும் 2021இலும் ஐ.நா. பிரகடனத்தை உள்நாட்டுச் சட்டமாக்கின. இவை கூரை மாதிரி. கீழே சுவர் எழும்பியிருக்க வேண்டும். ஆனாலும் சமவாயத்தில் உள்ள ஒரு விதியை இப்போதே எடுத்துக்கொள்ளலாம். யார் பழங்குடி என்பதற்கு அடிப்படை, அந்த மக்கள் தங்களை அப்படி உணர்வதே. இந்த விதி இருந்தால் வாகரையில் தமிழ் பேசுபவரையும் ஹெனானிகலையில் வயல் செய்பவரையும் "நீ அசல் வேடனா?" என்று எந்த அதிகாரியும் கேட்க முடியாது.

நாம் எங்கே நிற்கிறோம்

இருநூறு வருடமாக இந்த மண்ணில் இருக்கிறோம், நாமும் பழங்குடி என்று கோரினால் என்ன என்று நம் இளைஞர்கள் சிலர் கேட்கிறார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. 2023இல் நம் முன்னோர் வந்த வழியை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்களின் கால்களில் இருந்ததும் அதே கோபம்தான். ஆனால் அந்தக் கோரிக்கையை நான் ஆதரிக்கமாட்டேன். நம் நியாயத்துக்கு அது தேவையே இல்லை. காடழித்து, பாதை வெட்டி, தேயிலை வைத்து, இந்த நாட்டுக்குச் சோறு போட்டவர்கள் என்பதே வீட்டுக் காணிக்கும் உறுதிக்கும் போதுமான நியாயம். முன்னால் வந்தவர் பெயரையும் நாமே எடுத்துக்கொண்டால், அவர்களுக்குரிய கொஞ்சத்துக்கும் நாம் போட்டியாகிவிடுவோம். நமக்கு வீட்டுக் காணி ஏழு பேர்ச்சஸா பத்து பேர்ச்சஸா என்ற பேரத்தை நிறுத்தி முழு உறுதி கேட்கும் போராட்டம் தனியாக நடக்கட்டும். அது பெருந்தோட்டக் காணியில் நடக்க வேண்டியது, காட்டில் நடக்க வேண்டியதில்லை. கம்பனிகளின் குத்தகைக்குள் தரிசாகக் கிடக்கும் தேயிலைக் காணி போதுமான அளவு இருக்கிறது. காணியற்ற தோட்டப் பிள்ளைகளுக்கு ஒதுக்குப்புறக் காட்டில் இடம் தருகிறோம் என்று நாளைக்கு யாராவது வந்தால், அங்கே யார் இருக்கிறார்கள் என்பதுதான் நம் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

ஆகவே அந்தப் பந்தியில் நான் எழுதச் சொல்வது இவ்வளவுதான். ஆதிவாசிகள் இந்நாட்டின் பழங்குடி மக்கள் என்று அரசியலமைப்பு சொல்ல வேண்டும். சாதாரணப் பெரும்பான்மையால் அதை மாற்ற முடியாதிருக்க வேண்டும். அவர்கள் வாழ்ந்த காட்டில் தேன், கிழங்கு, மீன், சேனை, வழிபாட்டிடம் ஆகியவற்றின் மேல் ஊருக்குப் பொதுவான உரிமை வேண்டும். தேசியப் பூங்காவுக்குள்ளும் அது செல்ல வேண்டும். எவ்வளவு, எந்தக் காலத்தில் என்பதை வனஜீவராசிகள் திணைக்களமும் ஊரும் சேர்ந்து எழுதலாம். அணை, சுரங்கம், கம்பனிச் செய்கை எதுவானாலும் ஊர்க்கூட்டத்தின் சம்மதம் முன்கூட்டியே எழுத்தில் வேண்டும். தலைவர் ஒருவரின் கையெழுத்து மட்டும் போதாது, பெண்களும் கூடியிருந்த கூட்டத்தின் தீர்மானமாக இருக்க வேண்டும். இவை நடந்த பிறகு எல்லா ஊர்களுக்குமாக ஒரு தெரிவு செய்த சபை.

இதை நம் சங்கத்து மண்டபத்தில் உட்கார்ந்து எழுதி அப்படியே கொழும்புக்கு அனுப்பவும் கூடாது. அவர்களைப் பற்றி அவர்களைக் கேட்காமல் எழுதினால், நாம் இவ்வளவு நேரம் குறைசொன்ன வேலையையே செய்தவர்களாவோம். மகியங்கனைக்கு பஸ் இருக்கிறது. பதுளைப் பக்கத்தில் சிங்களம் பேசத் தெரியாத நம் பிள்ளைகள் குறைவு, ஆகவே பாஷையும் தடையில்லை. வரைவைச் சிங்களத்தில் எழுதி, வாகரைக்காரருக்குத் தமிழில் எழுதி, கொண்டுபோய் வாசித்துக் காட்டுவோம். எந்த வரி சரி, எந்த வரி தப்பு என்று அவர்கள் சொல்லட்டும். காடு பற்றி நாம் எழுதியதில் பாதி தப்பாகத்தான் இருக்கும், திருத்தித் தரட்டும். உங்கள் தாளில் எங்களைச் சேர்க்க வேண்டாம், நாங்களே தனியாக எழுதுகிறோம் என்றால் அதுவும் நல்லதே. அந்தப் பந்தியை எடுத்துவிட்டு நம்முடையதை அனுப்புவோம். அவர்கள் எழுதியது வந்ததும் அதற்கு ஆதரவாக நம் சங்கங்களின் கையெழுத்தைத் திரட்டிக் கொடுப்போம்.